நறுமண இலைகளும் நேரிய இன்பமும்

பரிசேயரைக் கடிந்துகொண்ட நம் ஆண்டவர், அவர்கள் கண்டிப்பாகச் செலுத்திவந்த பத்திலொரு பங்குக்கு எடுத்துக்காட்டாகச் சொன்ன பொருள்கள் மிகச் சிறியவை. மத்தேயு நற்செய்தியில் அவை புதினா, சதகுப்பை, சீரகம். லூக்கா நற்செய்தியில் புதினா, அருவதா, மற்றெல்லாக் கீரைகள். (நாம் சதகுப்பை என்று எழுதியதைத் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு சோம்பு என்கிறது, சீர்திருத்த சபையாரின் பழைய பதிப்பு வெந்தயம் என்றது. அதே பழைய பதிப்பில் புதினாவுக்கு இடப்பட்ட ‘ஒற்தலாம்’ என்னும் சொல் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்திறங்கிய சொல்.) மறையுரை மேடையில் இப்பகுதிக்கு வரும்போது நீதி, இரக்கம், நம்பிக்கை ஆகிய பெரியவற்றை நோக்கி நாம் விரைந்து விடுகிறோம்; இலைகளை வழியிலேயே விட்டுவிடுகிறோம். ஆண்டவரோ இலைகளைப் பழிக்கவில்லை. பெரியவற்றைக் கடைப்பிடித்திருக்க வேண்டும், சிறியவற்றையும் விட்டுவிடலாகாது என்றே கூறினார். ஆகவே இம்முறை இலைகளோடு சற்றே தங்குவோம்.

தங்குமிடமாக இத்தாலியைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. உரோமைத் திருச்சபையின் பிள்ளைகள் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். அந்நாட்டின் ஆலயங்களையும் ஓவியங்களையும் புனிதர்களையும் அறிவோம். அந்நாட்டார் அடுப்பில் வெந்தது என்ன என்பதைப் பெரும்பாலும் கேட்டறிந்ததில்லை. கேட்டுப் பார்த்தால், திருச்சபையின் வரலாற்றில் பெருமைக்குரிய பக்கங்களும் தலைகுனிய வைக்கும் பக்கங்களும் ஒரே அடுக்களையில் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம்.

பண்டை உரோமையின் உணவு இன்றைய இத்தாலியருக்கே அந்நியமாக இருக்கும். அப்பீசியுஸ் என்பவர் பெயரால் வழங்கும் இலத்தீன் சமையல் நூல், கி.பி. 4 அல்லது 5-ஆம் நூற்றாண்டில் இன்றைய வடிவில் தொகுக்கப்பட்டது. அதில் துளசியினமான பாசில் இலை அரிதாகவே வரும். தக்காளியோ உலகின் அந்தப் பக்கத்திலேயே இல்லை. மாறாக, அருவதா, கொத்தமல்லி, சீரகம், புதினா, லிகூரியா மலைகளின் பெயரைத் தாங்கிய ‘லிகூஸ்திக்கும்’ என்னும் காட்டுச் செடி ஆகியவை பக்கந்தோறும் வருகின்றன. இவற்றோடு ‘காரும்’ என்று வழங்கிய, உப்பில் புளிக்க வைத்த மீன்சாறு. நம் வீட்டுக் கொத்தமல்லித் தழையை இன்றைய இத்தாலியச் சமையலில் காண்பது அரிது. அன்றைய உரோமையனோ அதை நம்மைப் போலவே விரும்பினான்.

இன்னொரு செய்தி நம் இல்லத்தரசியருக்கு வியப்பளிக்கும். வட ஆப்பிரிக்காவின் சிரேனே நாட்டில் விளைந்த சில்ஃபியும் என்னும் செடியின் பாலை உரோமையர் பொன்போல் மதித்தனர். அளவின்றி அறுத்ததாலும் ஆடுமாடுகளை மேயவிட்டதாலும் அச்செடி அருகிப்போயிற்று. தம் காலத்தில் கிடைத்த ஒரே ஒரு தண்டு நீரோ மன்னனுக்கு அனுப்பப்பட்டது என்று மூத்த பிளினி எழுதுகிறார். அதற்கு மாற்றாகப் பாரசீகத்திலிருந்து அவர்கள் வரவழைத்தது வேறொன்றுமில்லை, நம் பெருங்காயம்தான். விலை மிகுந்த அப்பொருளைச் சிக்கனமாகச் செலவிட அப்பீசியுஸ் நூல் ஒரு வழி சொல்கிறது: பெருங்காயத்தைப் பைன் மரப் பருப்புகளோடு ஒரு சாடியில் அடைத்து வைக்க வேண்டும், சமைக்கும்போது மணம் ஏறிய பருப்பில் சிலவற்றை நசுக்கிச் சேர்த்துவிட்டு, எடுத்த அளவுக்குப் புதுப் பருப்பைச் சாடியில் போட்டுவிட வேண்டும்.

மிளகின் கதையோ நம் மண்ணிலிருந்தே தொடங்குகிறது. யவனர் பொன்னோடு வந்து கறியொடு மீண்ட முசிறித் துறைமுகத்தை அகநானூறு அறியும். ‘கறி’ என்பது அன்று மிளகின் பெயர். அந்தப் பொன் எவ்வளவு என்று மறுகரையில் நின்று கணக்கிட்டவர் பிளினி. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்தெர்ஸ் நாணயத்தை உரோமைப் பேரரசிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது என்பது அவரது புலம்பல். கரு மிளகு இராத்தலுக்கு 4 தெனாரியம், வெண்மிளகு 7, திப்பிலி 15 என்று விலையையும் குறித்து வைத்தார். பழத்திற்கு இனிப்பு உண்டு, அழகு உண்டு. காரம் ஒன்றைத் தவிர வேறு சிறப்பில்லாத இதை எவன் முதன்முதலில் தின்னத் துணிந்தான் என்று அவர் வியந்துகொள்கிறார். அவர் வியப்பை அவர் நாட்டார் பொருட்படுத்தவில்லை. கி.பி. 92 அளவில் தொமீசியான் மன்னன் உரோமையின் ‘புனித வீதி’ ஓரத்திலேயே மிளகுக் கிடங்குகளை எழுப்பினான். கி.பி. 408-இல் நகரை முற்றுகையிட்ட கோத்தியர் தலைவன் அலாரிக், பொன், வெள்ளி, பட்டு ஆகியவற்றோடு 3,000 இராத்தல் மிளகையும் மீட்புப் பொருளாகக் கேட்டுப் பெற்றான்.

பேரரசு சரிந்தபின் உரோமையின் சந்தைகள் வெறிச்சோடின. மணப்பொருள்களைக் காத்தவை இரண்டு: ஏழைகளின் கொல்லைப்புறம், துறவியரின் தோட்டம். கி.பி. 529 அளவில் மோந்தே கசீனோ குன்றின்மேல் மடம் அமைத்த புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குநூலில், தண்ணீர், மாவரைக்கும் ஆலை, தோட்டம் ஆகியவை மடத்தின் மதிலுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று விதித்தார். துறவியர் வெளியே அலைவது அவர்தம் ஆன்மாவுக்கு நல்லதன்று என்பது அவர் கருத்து. உணவைப் பற்றிய 39-ஆம் அதிகாரத்தில் வேறொரு விதி உண்டு. நாள்தோறும் சமைத்த பண்டம் இரண்டு இருக்கட்டும். ஒன்றை உண்ண இயலாதவர் மற்றதை உண்ணட்டும் என்கிறார். ஒருவனுக்கு ஒத்துவராத பண்டத்தைத் தவம் என்ற பெயரால் அவன் வாயில் திணிக்காத இப்பரிவு, மடங்களையும் குருமடங்களையும் நடத்துவோர் அடிக்கடி எண்ணிப் பார்க்கத் தக்கது. மூன்றாவதாகப் பழமோ இளங்காய்களோ கிடைத்தால் சேர்த்துக்கொள்ளலாம். நாலுகால் விலங்குகளின் இறைச்சி நோயுற்றோர்க்கு மட்டும். இறைச்சியில்லா உணவுக்கு உயிர் கொடுப்பது எது? தோட்டத்து இலையும் வேரும்தான்.

சால்வியா என்னும் சேஜ் இலையின் பெயர், நலமாயிருத்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லில் பிறந்தது. ரோஸ்மேரியின் பெயரோ கடற்பனித்துளி எனப் பொருள்படும் ‘ரோஸ் மரீனுஸ்’. எகிப்துக்குத் தப்பியோடிய வழியில் அன்னை மரியாள் தம் நீலப் போர்வையை அச்செடிமேல் உலர்த்தியதால் வெண்பூக்கள் நீலமாயின என்பது ஐரோப்பிய மக்களின் பக்திக் கதை. மடத்துத் தோட்டத்தில் மருந்துக்கு வளர்த்ததும் குழம்புக்கு வளர்த்ததும் பெரும்பாலும் ஒரே செடிகள். சலேர்னோ மருத்துவப் பள்ளி 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் புகழ்பெற்றபோது, மோந்தே கசீனோவின் துறவியான ஆப்பிரிக்கர் கான்ஸ்டன்டைன் அரபு மருத்துவ நூல்களை இலத்தீனில் பெயர்த்தது அப்பள்ளிக்குப் பெருந்துணையாயிற்று. எப்பொருள் சூடு, எப்பொருள் குளிர்ச்சி என்று அவர்கள் பிரித்த பிரிவுகளை நம் பாட்டிமார் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பர்.

இதே மோந்தே கசீனோ மடத்தில்தான் ஐந்து வயதளவில் ஒரு சிறுவன் ஒப்படைக்கப்பட்டு 1239 வரை வளர்ந்தான். பின்னாளில் அவர் புனித தோமா அக்குவினா. நாம் குருமடத்தில் அவரது இறையியல் தொகுப்பைப் படித்தபோது, பெருந்தீனி பாவம் என்ற பகுதியை மனத்தில் இருத்திக்கொண்டோம். அதே இரண்டாம் பாகத்தில், 142-ஆம் வினாவில், இன்பத்தை உணரவே மறுக்கும் மரத்துப்போன தன்மையும் ஒரு தீயொழுக்கமே என்று அவர் நிறுவியிருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. உண்ணுதல் போன்ற செயல்களோடு இயற்கை இன்பத்தை இணைத்தது வாழ்வைக் காப்பதற்கே; அந்த ஒழுங்கைப் புறக்கணித்தல் தவறு, உயர்ந்த நோக்கத்திற்காக அதைத் துறத்தல் வேறு, என்பது அவரது வாதம். புனித அகுஸ்தீனாரின் நிலை வேறு. உணவை மருந்துபோல் மட்டும் உட்கொள்ளக் கற்றுக்கொண்டும், பசிக்கும் சுவைக்கும் நடுவே உள்ள வழுக்குநிலத்தில் தாம் நாளும் போராடுவதை அவர் தம் அறிக்கைகளின் 10-ஆம் நூலில் மனந்திறந்து எழுதினார். இரு பெரும் மறைவல்லுநரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் நம் மக்களுக்கு நாம் அகுஸ்தீனாரின் அச்சத்தை மிகுதியாகவும் தோமாவின் நிதானத்தைக் குறைவாகவும் ஊட்டிவிட்டோம் என்பதே நம் எண்ணம். 1274-இல் இறப்பை நெருங்கி, எதையும் உண்ண மனமில்லாது கிடந்த தோமா, பாரிசில் உண்ட புது ஹெர்ரிங் மீன்மேல் ஆசைப்பட்டார் என்பதும், அப்பகுதியில் கிடைக்காத அம்மீன் ஒரு மீன்காரரின் கூடையில் கண்டெடுக்கப்பட்டது என்பதும், அவரது புனிதர் பட்ட விசாரணையில் புதுமையாகவே பதிவாயின.

இடைக்காலத்தின் பிற்பகுதியில் வெனீசு நகரத்தார் கைவழியே மிளகும் இஞ்சியும் இலவங்கமும் கிராம்பும் மீண்டும் பெருகி வந்தன. கெட்டுப்போன இறைச்சியின் நாற்றத்தை மறைக்கவே நறுமணப் பொருள்களைக் கொட்டினர் என்று பலர் எழுதுகின்றனர், அதை நம்புவதற்கில்லை. கிராம்பு வாங்கப் பணமுள்ளவனுக்குப் புத்திறைச்சி வாங்கவும் பணம் இருந்தது. மருத்துவர் அவற்றைச் செரிமானத்திற்கு ஏற்ற ‘சூடு’ என்றனர். அதைவிட வலிய காரணம், அவை விலையுயர்ந்தவை. விருந்தினர் நாவில் உறைத்தது வீட்டுக்காரரின் செல்வம்.

இக்காலத்துச் சமையற்காரருள் தலைசிறந்தவர் மார்த்தீனோ. அக்குயிலேயாவின் முதுபெருந்தந்தையான கர்தினால் ஒருவரின் அடுக்களைத் தலைவர். அவரது பச்சைக் குழம்பில் மாற்றத்தின் முதல் அடையாளம் தெரிகிறது. பார்ஸ்லி, காட்டுத் தைம், சிறிது கீரை, வேறு நல்ல இலைகள். இவற்றோடு மிளகும் இஞ்சியும் உப்பும் சேர்த்து அரைத்து, கடுங்காடியில் கரைத்து வடிகட்ட வேண்டும். இலை முன்னே வந்துவிட்டது. மிளகும் இஞ்சியும் இன்னும் பந்தியை விட்டு எழவில்லை.

மார்த்தீனோவின் குறிப்புகளை இலத்தீனில் எடுத்தாண்டு உலகறியச் செய்தவர் பிளாத்தினா என்ற பர்தொலொமேயோ சாக்கி. அவரது நூலின் பெயரைத் தமிழில் ‘நேரிய இன்பமும் உடல்நலமும்’ எனலாம். 1475-க்குள் அச்சேறிய அந்நூலே அச்சு கண்ட முதற் சமையல் நூல் என்பர். தலைப்பிலேயே ஒரு சச்சரவு அடங்கியிருக்கிறது. இன்பம் நேரியதாக இருக்க முடியுமா? அளவறிந்து உண்பவனின் இன்பம் அறத்திற்கு எதிரியன்று என்று தம் நூலின் தொடக்கத்திலேயே அவர் வாதாடினார். அவர் வாழ்வும் அமைதியாக இல்லை. 1468-இல் திருத்தந்தை இரண்டாம் சின்னப்பர், சதி செய்ததாகவும் புறச்சமயப் பற்றுடையவர் என்றும் ஐயுற்று, உரோமை அறிஞர் குழாத்தோடு அவரையும் சந்த் ஆஞ்சலோ கோட்டையில் அடைத்தார். பிளாத்தினா வதைக்கவும் பட்டார். ஏழே ஆண்டுகளில் அடுத்த திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ் அதே மனிதரை வத்திக்கான் நூலகத்தின் தலைவராக்கினார். திருத்தந்தைமுன் அவர் மண்டியிட்டிருக்கும் ஓவியத்தை, மெலோத்சோ வரைந்தபடியே, இன்றும் வத்திக்கான் ஓவியக் கூடத்தில் காணலாம்.

அடுத்த நூற்றாண்டில் திருத்தந்தையரின் அடுக்களையிலேயே ஒரு பெருநூல் பிறந்தது. நான்காம் பத்திநாதருக்கும் ஐந்தாம் பத்திநாதருக்கும் சமைத்த பர்தொலொமேயோ ஸ்காப்பி 1570-இல் ஆறு பகுதிகளாக வெளியிட்ட நூலில் ஆயிரத்திற்கு மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. ஐந்தாம் பத்திநாதரோ தொமினிக்கன் சபைத் துறவி, கடுந்தவத்தினர். அத்தகையவர் காலத்தில் அத்தகைய நூல் வெளிவந்ததைக் கண்டு புன்னகைக்கலாம். ஆனால் நூலைப் புரட்டினால் அதில் சுத்தபோசன நாள்களுக்கும் தவக்காலத்திற்கும் உரிய உணவுகளே பெரும் பங்கு. ஆறாம் பகுதி முழுவதும் நோயாளிகளுக்கும் நோய் தேறுவோர்க்கும் ஆனது. இலைக் கஞ்சிகளும் இலை வைத்த அப்பங்களும் ஏராளம். வெள்ளி, தவக்காலம், திருநாள் முன்நாள்கள் என்று ஆண்டின் பல நாள்களில் இறைச்சியை விலக்கிய திருச்சபையின் ஒழுங்கு, இத்தாலியச் சமையற்காரனைத் தோட்டத்துக்குள் அனுப்பிற்று என்றால் மிகையில்லை. பெரிய வெள்ளியன்று ஒருசந்தி இருந்து கஞ்சி குடிக்கும் நம் பங்கு மக்களுக்கு இது எளிதில் விளங்கும். ஜெனோவாவில் பாஸ்காத் திருநாளுக்குச் செய்யும் கீரை அப்பத்திற்கு, ஆண்டவரின் மண்ணுலக வாழ்வின் ஆண்டுகளை நினைந்து 33 மெல்லிய மாவுத் தகடுகள் வைப்பது பழமரபு. அதன் உள்ளீடு கீரையும் பாற்கட்டியும் முட்டையும் ‘மரு’ இலையும். இந்த மருவை நம் பூக்காரர் கதம்பத்தில் வைத்துக் கட்டுகிறார்கள், நாம் உண்பதில்லை.

இனி, இவ்வரலாற்றில் நம் நெஞ்சை மிகுதியும் தொட்ட மனிதருக்கு வருகிறோம். ஜாக்கொமோ காஸ்தெல்வேத்ரோ 1546-இல் மோதெனா நகரில் பிறந்தவர். அவருடைய சிற்றப்பனோ பெரியப்பனோ ஆகிய லொதொவீக்கோ, புகழ்பெற்ற இலக்கிய அறிஞர். தப்பறைக் குற்றச்சாட்டால் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டு நாட்டை விட்டோடியவர். ஜாக்கொமோவும் சீர்திருத்தக் கொள்கையைத் தழுவி ஐரோப்பா முழுதும் அலைந்தார். ஸ்காத்லாந்து மன்னனுக்கு இத்தாலிய மொழி கற்பித்தார். முதுமையில் வெனீசுக்குத் திரும்பி அச்சகப் பணியில் அமர்ந்தார். 1611-இல் திருவிசாரணை மன்றம் அவரைச் சிறையிட்டது. ஆங்கிலத் தூதர் டட்லி கார்ல்டன் தலையிட்டிராவிடில் அவர் கதை என்னவாகியிருக்குமோ. உயிர் தப்பி, அறுபதைக் கடந்த வயதில், இலண்டனின் குளிருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே 1614-இல் அவர் எழுதியது என்ன? தம்மை வதைத்தோர்க்கு எதிரான குற்றப்பத்திரிகையன்று. இத்தாலியர் பச்சையாகவோ சமைத்தோ உண்ணும் வேர்கள், இலைகள், கனிகள் ஆகிய அனைத்தைப் பற்றியும் ஒரு சிறு நூல். வசந்தத்தில் தொடங்கிக் குளிர்காலத்தில் முடிகிறது. வசந்தகாலக் கலவைப் பச்சடிக்குப் புதினாவின் கொழுந்து, பாசில், எலுமிச்சை மணமுள்ள மெலீசா, பெருஞ்சீரகத்தின் தளிர், போரேஜ் பூ, ரோஸ்மேரிப் பூ, இனிய வயலட் பூ, லெட்டூஸின் உள்நெஞ்சு என்று அவர் அடுக்கிச் செல்வதைப் படிக்கையில், இழந்த ஊரின் தெருக்களை ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லி நினைவுகூரும் ஏதிலியின் குரல் கேட்கிறது. பச்சடிக்கு ஓர் ‘திருச்சட்டம்’ வகுத்தார்: உப்பு நன்றாக, எண்ணெய் தாராளமாக, காடி சிறிதளவு. இலைகளைப் பல தண்ணீரில் அலசாமலும், காடியைக் கொட்டியும் உண்ணும் வடநாட்டாரை அவர் கண்டிக்கும் கண்டிப்பு, ஒரு மறையுரையாளரின் கண்டிப்பு. இத்தாலியர் இலைகளை ஏன் இவ்வளவு உண்கின்றனர் என்பதற்கு அவர் தந்த விளக்கம் எளியது. சிறு நிலத்தில் பெருங்கூட்டம் வாழ்வதால் இறைச்சி போதாது. ஆண்டின் பெரும்பகுதி வெயிலாதலால் இறைச்சியின்மேல் நாட்டமும் எழாது.

ஆங்கிலேயரை இலை உண்ணச் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. புரவலராக அவர் நாடிய பிரபுக் குலப் பெருமாட்டி உதவவில்லை. 1616-இல் வறுமையில் இறந்தார். அவர் கைப்படியின் ஒரு பிரதி கேம்பிரிட்ஜில் திரித்துவக் கல்லூரியில் உறங்கியது. 1989-இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டபின்னரே பரவலாக அறியப்பட்டது. தம் தாய்நாட்டின் புதினாவையும் பெருஞ்சீரகத்தையும் இவ்வளவு அன்போடு எழுதிய ஒருவரை அந்நாட்டிலிருந்து துரத்தியது நம் திருச்சபையின் ஒரு நீதிமன்றம். சீரகத்திற்குப் பத்திலொரு பங்கைத் துல்லியமாக அளந்த மன்றத்தார் நீதியையும் இரக்கத்தையும் எங்கே அளந்தனர் என்று கேட்க நாம் அஞ்ச வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டு யூபிலியின்போது, உண்மையைக் காப்பதாகச் சொல்லித் திருச்சபையின் மக்கள் கையாண்ட வன்முறைக்குத் திருத்தந்தையே பேதுரு பேராலயத்தில் மன்னிப்பு வேண்டியிருக்கிறார்.

காஸ்தெல்வேத்ரோ எழுதிய காலத்தை ஒட்டியே ஐரோப்பியரின் நாக்கு மாறிற்று. 1498-இல் கள்ளிக்கோட்டையில் இறங்கிய வாஸ்கோ ட காமாவின் ஆள், எதைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டவரிடம், கிறிஸ்தவர்களையும் நறுமணப் பொருள்களையும் தேடி வந்ததாகச் சொன்னான். அந்த இரட்டை விடையின் விளைவை நம் கடற்கரைகள் அறியும். அதை இங்கே விரிக்கவில்லை. ஐரோப்பாவில் அதன் விளைவு வேறு. கப்பல் கப்பலாக மிளகு வந்திறங்க, 17-ஆம் நூற்றாண்டில் அது மலிந்தது. மலிந்ததும் பெருமை போயிற்று. கடைத்தெரு வணிகனும் மிளகு தின்னத் தொடங்கியதும், பிரபுக்கள் இலவங்கத்தையும் கிராம்பையும் இனிப்புக்கு ஒதுக்கிவிட்டு, தோட்டத்து இலைகளின் மென்மணத்தைப் புகழலாயினர். குடியானவனின் பானையில் முன்பே இருந்த பார்ஸ்லிக்கும் சேஜுக்கும் அரண்மனைப் பந்தியில் இடம் கிடைத்தது. ஏழையின் சுவையைச் செல்வர் எடுத்துக்கொண்டு அதற்கு ‘எளிமை’ என்று பெயர் சூட்டுவது எக்காலத்தும் நிகழ்வதே.

பாசிலின் கதை தனிக்கதை. ஆசியாவின் வெப்ப நிலங்களிலிருந்து மேற்கே சென்ற செடி அது. நாம் திருநீற்றுப்பச்சை என்கிறோம். கோடையில் சர்பத்தில் மிதக்கும் சப்ஜா விதை அதன் விதையே. பண்டையோர் அதைக் கண்டு அஞ்சினர். அரைத்துக் கல்லின்கீழ் வைத்தால் தேளாகும் என்ற நம்பிக்கையைப் பிளினியும் குறிக்கிறார். கிழக்குத் திருச்சபைகளிலோ, புனித எலேனம்மாள் உண்மைச் சிலுவையைத் தோண்டியெடுத்த இடத்தில் அச்செடி மணந்துகொண்டிருந்தது என்பது மரபு. ஆதலால் செப்டம்பர் 14-ஆம் நாள் சிலுவையை அதன் கொத்துகளால் அலங்கரிக்கின்றனர். 14-ஆம் நூற்றாண்டில் பொக்காச்சியோ எழுதிய கதை ஒன்றில், உடன்பிறந்தார் கொன்ற தன் காதலனின் தலையைப் பாசில் தொட்டியில் புதைத்து, ஒரு பெண் கண்ணீரால் வளர்க்கிறாள். அச்சமும் பக்தியும் துயரமும் இப்படிச் சூழ்ந்த இலையை அம்மியிலிட்டுச் சுவையாக்கிய பெருமை ஜெனோவாவுக்கே.

‘பெஸ்தோ’ என்னும் அத்துவையலின் பெயர், இடித்தல் என்னும் வினையிலிருந்து வந்தது. இளம் பாசில் இலை, பூண்டு, பைன் பருப்பு, உப்பு, பாற்கட்டி, ஒலிவ எண்ணெய். பளிங்குக் கல்லுரலில் மரக்குழவியால் சுழற்றி நசுக்க வேண்டும். ஓங்கி இடித்தால் இலை சூடேறிக் கறுத்துவிடும். தொன்மையானது என்று பலரும் கருதும் இதன் முதல் அச்சுக் குறிப்பு 1863-இல் ஜொவான்னி பத்தீஸ்தா ராத்தோ வெளியிட்ட ஜெனோவாச் சமையல் நூலில்தான் உள்ளது. அதில் பாசில் கிடைக்காவிட்டால் மருவும் பார்ஸ்லியும் போதும் என்றும், பார்மா பாற்கட்டியோடு ஒல்லாந்துப் பாற்கட்டியைச் சேர்க்க என்றும் எழுதியிருக்கிறார். துறைமுக நகரத்தார் துறைமுகத்தில் கிடைத்ததைக் கொண்டு சமைத்தனர். 2005 முதல் ஜெனோவாப் பாசிலுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பு உண்டு. ஆசியாவிலிருந்து போன செடி லிகூரியாவின் குடியுரிமை பெற்றுவிட்டது. அவ்வாறே அமெரிக்காவிலிருந்து வந்த தக்காளியும் மிளகாயும். நாபொலியில் பணியாற்றிய அந்தோனியோ லத்தீனி, 1690-களில் வெளியிட்ட தம் நூலில் தக்காளிச் சட்னி ஒன்றை ‘ஸ்பானியர் முறை’ என்று குறித்தார்; அது தம் நாட்டுச் சுவையாகும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தக்காளி, பூண்டு, எண்ணெய், ஓரேகனோ என்று நான்கே பொருளில் அமைந்த நாபொலியின் ‘மரினாரா’ அப்பம் பின்னர் வந்தது. அபுரூத்சோ மலைநாட்டில் அக்குயிலா நகரைச் சூழ விளையும் குங்குமப்பூவை, ஸ்பெயினிலிருந்து தொமினிக்கன் துறவி ஒருவர் கொணர்ந்தார் என்பது அவ்வூர் மரபு. ஒரு கிலோவுக்கு ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட பூக்களை விடியுமுன் கொய்ய வேண்டும்.

பெருஞ்சீரகத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. நாம் சோம்பாக மெல்லும் விதையைத் தரும் செடியின் இனமே அது. இத்தாலியர் அதன் வெண்ணிற அடித்தண்டையும் காயாக உண்கின்றனர். 1891-இல் பிளோரன்சு நகரில் தம் சொந்தச் செலவில் சமையல் நூல் வெளியிட்டு, இத்தாலிய நடுத்தர வீடுகளின் ஆசானாகிவிட்ட பெல்லெக்ரீனோ அர்த்தூசி ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அந்நகரச் சந்தையில் பெருஞ்சீரகத் தண்டையும் கத்தரிக்காயையும் காண்பதே அரிது. காரணம், அவை யூதர்களின் உணவு என்று இழிவாகக் கருதப்பட்டன. இதிலும் இதனினும் பெரிய காரியங்களிலும் யூதர் கிறிஸ்தவரைவிடக் கூர்மையான மூக்குடையவர் என்று அவர் முடிக்கிறார்.

1492-இல் ஸ்பெயினிலிருந்தும், ஸ்பானிய ஆட்சியில் இருந்த சிசிலித் தீவிலிருந்தும் யூதர்களை வெளியேற்றும் ஆணை பிறந்தது; அவர்களில் பலர் வடக்கே வந்தபோது தம் சமையலையும் கொண்டுவந்தனர். 1555-இல் நான்காம் சின்னப்பர் தம் ஆணைமடலால் உரோமை யூதரைத் தைபர் ஆற்றோரம் வெள்ளம் புகும் ஒரு மூலையில் மதிலிட்டு அடைத்தார். இரவில் கதவுகள் பூட்டப்பட்டன. பழந்துணி வாணிபம் தவிரப் பெரும்பாலான தொழில்கள் மறுக்கப்பட்டன. மதில்கள் வீழ்ந்தது 1848-இல். முழு விடுதலை வந்தது 1870-இல், திருத்தந்தையரின் அரசு முடிவுற்றபோது. அந்நெருக்கடிக்குள் மலிவான காய்களையும் எண்ணெயையும் கொண்டு அவர்கள் சமைத்தவை இன்று உரோமையின் பெருமைமிகு உணவுகள். ஆர்ட்டிசோக் என்னும் முள்மொட்டை மலர்போல் விரித்து எண்ணெயில் இருமுறை பொரிப்பது ‘யூதர் முறை’. அதே மொட்டைப் பூண்டும் ‘மெந்தூச்சியா’ என்னும் காட்டுப் புதினாவும் வைத்து வேகவைப்பது ‘உரோமையர் முறை’. இரண்டையும் ஒரே உணவகப் பட்டியலில் அடுத்தடுத்து எழுதி வைத்திருப்பர்.

1986 ஏப்ரல் 13-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் தைபர் ஆற்றோரத்துப் பெரிய தொழுகைக் கூடத்திற்குச் சென்றார். யூதர் நம் மூத்த சகோதரர் என்னும் சொல் அன்று அங்கே கேட்டது. அக்கூடத்திலிருந்து சில நிமிடம் நடந்தால், 1555-இல் அடைக்கப்பட்ட தெருக்களில், மாசி பங்குனி மாதங்களில் கடை வாசல்தோறும் ஆர்ட்டிசோக்குகளைக் குவித்து வைத்து, அவற்றின் கடின இதழ்களைச் சிறு கத்தியால் சீவி, எலுமிச்சை பிழிந்த நீரில் போட்டுக்கொண்டிருப்பர். பக்கத்துக் கூடையில் பெருஞ்சீரகம் தழையோடு கிடக்கும்.